கணிப்பொறி தயங்கும் இடம்

கேட்ட கணக்குக்கு வேலை அளவுக்கு மீறிப் போய்விட்டது, கொடுத்த சார்பு ஒருவேளை தவறான வகையாக இருக்கலாம் என்ற பொருளில் திரையில் ஒரு வரி வந்து நிற்கும். பைத்தான் மொழியில் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்க முயலும் பொறியியல் மாணவரோ, மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்கும் என்று பார்க்கும் ஆய்வாளரோ, நோய்ப்பரவலைக் கணக்கிடுகிறவரோ என்றாவது ஒருநாள் இந்த வரியைச் சந்தித்துவிடுகிறார்கள். மேட்லேப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதே செய்தி வேறு உருவில் வரும்: படியின் நீளத்தை அனுமதித்த மிகச் சிறிய அளவுக்கும் கீழே குறைத்தால் ஒழியக் கேட்ட துல்லியத்தைத் தர இயலாது. இதைப் பார்த்ததும் பலரும் செய்வது ஒரே காரியம்தான். படிகளின் உச்சவரம்பு 500 என்றிருந்தால் அதை 5,000 ஆக்குகிறார்கள், அதுவும் போதவில்லை என்றால் 5 லட்சம் ஆக்குகிறார்கள். இன்னும் சிலர் எச்சரிக்கையே திரைக்கு வராதபடி அடைத்துவிடுகிறார்கள். வரி மறைகிறது, வரைபடம் வருகிறது, வேலை முடிந்தது என்ற நிம்மதியும் வருகிறது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். இந்த எச்சரிக்கைகள் பெரும்பாலும் கணிப்பொறியின் கோளாறைச் சொல்வதில்லை. நாம் எழுதிக் கொடுத்த சமன்பாட்டைப் பற்றி, அதற்குள் ஒளிந்திருக்கும் வேகங்களைப் பற்றி, சில சமயம் நாம் செய்த பிழையைப் பற்றி அவை சாட்சி சொல்கின்றன. சாட்சியை விசாரிக்காமல் வெளியே அனுப்பிவிட்டுத் தீர்ப்பு எழுதுவது எந்த வழக்கிலும் சரியாகாது.

வகைக்கெழுச் சமன்பாடு என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. ஒரு பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ, அதைக் கொண்டு அது எந்த வேகத்தில் மாறும் என்று சொல்லும் விதி அது, அவ்வளவுதான். டம்ளரில் உள்ள தேநீர் அறையைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதற்கேற்ற வேகத்தில் ஆறுகிறது. விதி தெரியும், தொடக்கநிலை தெரியும், அரை மணி நேரம் கழித்து என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. காகிதத்தில் சூத்திரமாக விடை கிடைக்கும் சமன்பாடுகள் கொஞ்சமே. மற்றவற்றுக்குச் சிறு சிறு படிகளாக நடந்துபோவதைத் தவிர வழியில்லை. இப்போதைய வேகத்தைக் கணக்கிடு, அந்த வேகத்தில் கொஞ்ச தூரம் போ, புதிய இடத்தில் மறுபடி வேகத்தைக் கணக்கிடு. லியோனார்ட் ஆய்லர் இந்த முறையை 1768இல் நூலில் எழுதி வைத்தார். அதற்குப் பத்தாண்டு முன்பே பாரிஸில் கிளேரோ, லலாந்து, நிக்கோல் ரெய்ன் லெப்போத் ஆகிய மூவரும் ஹாலியின் வால்வெள்ளி திரும்பி வரும் நாளைக் கண்டுபிடிக்க வியாழன், சனி ஆகிய கோள்களின் இழுப்பைப் படிப்படியாகக் கூட்டிக் கையாலேயே மாதக்கணக்கில் கணக்குப் போட்டார்கள். வால்வெள்ளி 1759 ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின்னாக இருக்கலாம் என்று கிளேரோ அறிவித்தார். அது மார்ச் 13 அன்று நெருங்கியது. அந்த ஒரு மாதம் என்ற சொல்லில் இன்றைய கணிப்பொறி நிரல்களின் அடிப்படைப் பண்பு அடங்கியிருக்கிறது. விடையோடு சேர்த்து, அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்வது.

இன்று இந்தச் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்களைத் துறையில் சால்வர் என்றே சொல்கிறார்கள். நல்ல சால்வர் ஒவ்வொரு படியையும் இருவிதமாகக் கணக்கிட்டுப் பார்க்கும். இரண்டு விடைகளும் நாம் சொன்ன பிழை எல்லைக்குள் ஒத்துப்போனால் படியை ஏற்றுக்கொண்டு, அடுத்த படியைக் கொஞ்சம் நீட்டிக்கூடப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் படியைத் தள்ளிவிட்டு, நீளத்தைக் குறைத்து மறுபடி முயலும். பழக்கமில்லாத பாதையில் இரவில் நடக்கிறவர் தரை சமமாக இருந்தால் எட்டி நடப்பார், மேடுபள்ளம் தட்டுப்பட்டால் அடி அடியாக வைப்பார் அல்லவா, அதே நிதானம். ஆக, சால்வர் திணறுகிறது என்றால் ஏதோ ஒன்று அதன் காலில் தட்டுப்படுகிறது. எது தட்டுப்படுகிறது என்று கேட்பதுதான் நம் வேலை. கேள்விக்கு விடை ஒன்றல்ல, சில வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வகையைத் தேநீர் டம்ளரிலேயே பார்த்துவிடலாம். டம்ளருக்குள் மிக மெல்லிய வெப்பம் அளக்கும் கம்பி ஒன்றை விட்டிருக்கிறோம். தேநீர் ஆற அரை மணி நேரம், அதாவது 1,800 வினாடி ஆகும். கம்பியின் நுனியோ தேநீரின் வெப்பத்தை ஆயிரத்தில் ஒரு வினாடியில் பிடித்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். கம்பிக்கும் தேநீருக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருக்கும் நிலையில் ஆய்லர் முறைப்படி 0.003 வினாடி நீளத்தில் படி எடுத்துப் பாருங்கள். கம்பி தேநீரை நோக்கி நகரும் வேகம் பெரியது. அந்த வேகத்தில் 0.003 வினாடி ஓடினால் இலக்கைத் தாண்டி மறுபக்கம் 2 டிகிரி தள்ளிப் போய் நிற்கும். அடுத்த படியில் இந்தப் பக்கம் 4 டிகிரி, பிறகு அந்தப் பக்கம் 8, பிறகு 16. இருபதாவது படியில் வித்தியாசம் 10,48,576 டிகிரி. உண்மையில் அந்த நேரத்துக்குள் வித்தியாசம் அளக்கவே முடியாத அளவுக்குச் சுருங்கிப் போயிருக்கும். சமன்பாட்டில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, கூட்டல் பெருக்கலிலும் தவறில்லை. படி 0.002 வினாடியைத் தாண்டியது ஒன்றே காரணம். தாண்டாமல் நடந்தாலோ 1,800 வினாடியைக் கடக்க 9 லட்சம் படிகள் வேண்டும். கம்பியின் துள்ளல் முதல் நூறில் ஒரு வினாடிக்குள் அடங்கிவிட்டது, அதன்பின் அரை மணி நேரமும் ஒன்றுமே நடக்கவில்லை, வெறுமனே தேநீர் ஆறுகிறது. ஆனாலும் அந்த முடிந்துபோன துள்ளலுக்குப் பயந்தே கடைசி வரை குட்டிக் குட்டி அடியாக நடக்க வேண்டியிருக்கிறது. வேகமானதும் மெதுவானதும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பில் கட்டுண்டு கிடக்கும் இந்த நிலைக்கு ஸ்டிஃப், அதாவது விறைப்பு, என்று பெயர். 1952இல் கர்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் என்ற இருவர் வேதிவினைகளின் வேகத்தைக் கணக்கிடும்போது இந்தச் சிக்கலுக்குப் பெயரும் தந்து மருந்தும் எழுதினார்கள்.

மருந்து எளிமையானது, அழகானதும்கூட. படியின் தொடக்கத்தில் உள்ள வேகத்தை நம்பிப் பாயாமல், படியின் முடிவில் எந்த இடத்தில் நின்றால் அந்த இடத்தின் வேகமும் வந்த பாதையும் ஒன்றோடொன்று பொருந்தும் என்று கேட்டு, அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பது. முன்னதை வெளிப்படு முறை என்றும் பின்னதை உட்படு முறை என்றும் சொல்லலாம். உட்படு முறையில் ஒவ்வொரு படியிலும் ஒரு சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும், அதனால் படி ஒன்றுக்கு வேலை கூடும். ஆனால் தேநீர்க் கணக்கில் 10 வினாடி நீளத்தில் படி எடுத்தாலும் கம்பி அடங்கியே இருக்கும். ஒன்பது லட்சத்துக்குப் பதில் சில நூறு படிகள் போதும். சுவீடனின் டால்குவிஸ்ட் 1963இல் எந்தெந்த முறைகளுக்கு இந்த அடக்கம் உண்டு என்பதைக் கணிதமாக வரையறுத்தார். வில்லியம் கியர் எழுபதுகளின் தொடக்கத்தில் இதைப் பயன்பாட்டு நிரலாக்கினார். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஆலன் ஹிண்ட்மார்ஷ் அந்த மரபை வளர்த்தெடுத்த தொகுப்புத்தான் இன்று பைத்தான் பயனர்கள் தெரியாமலேயே ஓட்டிக்கொண்டிருக்கும் நிரல். மேலே சொன்ன 500 என்ற வரம்பும் அங்கிருந்து வந்ததே.

அந்த 500 ஏதோ கஞ்சத்தனமாக வைத்த எண் என்று நினைப்பவர்களுக்கு ராபர்ட்சன் 1966இல் வெளியிட்ட கணக்கைக் காட்ட வேண்டும். மூன்றே மூன்று வேதிப்பொருள்கள். முதலாவது மெதுவாக இரண்டாவதாக மாறுகிறது, இரண்டாவது மிக விரைவாக மூன்றாவதாகிறது அல்லது முதலாவதாகவே திரும்புகிறது. வினைவேக எண்கள் 0.04, 10,000, 3 கோடி. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே விறைப்பு தெரியும். ஹிண்ட்மார்ஷின் நிரலோடு வரும் விளக்க எடுத்துக்காட்டில் இந்தக் கணக்கு 4,000 கோடி நேர அலகு வரை ஓடுகிறது. அதற்கு ஆன மொத்தப் படிகள் 330. வெளிப்படு முறையில் இதே தூரம் போக நூறு லட்சம் கோடிக்கும் மேலான படிகள் வேண்டியிருக்கும். எனவே 500 படிகள் போதவில்லை என்று சால்வர் சொன்னால், முதலில் எழ வேண்டிய சந்தேகம் படிகளின் எண்ணிக்கையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. நாம் தேர்ந்த முறை இந்தக் கணக்குக்கு ஏற்றதுதானா என்பதைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

ராபர்ட்சன் கணக்கு இன்னொன்றையும் கற்றுத்தருகிறது, பலர் சறுக்கும் இடமும் அதுதான். நடுவில் உள்ள பொருளின் அளவு உச்சத்தில்கூட 0.0000365 அளவில்தான் இருக்கும். பிழை எல்லையை 0.0001 என்று வைத்துவிட்டால், அதைவிடச் சிறிய எதையும் பொருட்படுத்த வேண்டாம் என்று நாமே சால்வருக்குச் சொல்லிவிட்டோம் என்று அர்த்தம். அது கீழ்ப்படிந்து நடக்கும். நடுப்பொருளின் அளவைப் பூச்சியம் என்று தந்தாலும் சரிதான், கொஞ்சம் எதிர்மறையாகத் தந்தாலும் சரிதான். ஆனால் வேதிப்பொருளின் அளவு எதிர்மறையானால் இந்தச் சமன்பாட்டில் வினை தலைகீழாகி, நீண்ட ஓட்டத்தில் விடை கட்டுக்கடங்காமல் கீழ்நோக்கிப் பாய்ந்துவிடும். ஹிண்ட்மார்ஷின் எடுத்துக்காட்டில் மற்ற இரண்டு பொருள்களுக்கும் 10 லட்சத்தில் ஒரு பங்கு என்றும், நடுப்பொருளுக்கு மட்டும் 1,000 கோடியில் ஒரு பங்கு என்றும் தனித்தனியாக எல்லை வைத்திருப்பது இதனால்தான். தங்கம் நிறுக்கிறவர் அரிசி மூட்டைத் தராசைப் பயன்படுத்துவதில்லை. சமன்பாட்டில் வரும் ஒவ்வொரு கணியமும் எந்த அளவில் இருக்கும், அதில் எவ்வளவு பிழை வந்தால் நமக்குப் பாதகமில்லை என்று ஒரு நிமிடம் யோசித்து எழுதினாலே எச்சரிக்கைகளில் ஒரு பகுதி வராமலே போகும். மாறாக, அளவைச் சாராத எல்லையைப் பூச்சியமாக வைத்துவிட்டு விகிதப் பிழையை மட்டும் கொடுக்கிறவர்கள் உண்டு. ஏதாவது ஒரு கணியம் பூச்சியத்தைத் தொட்டதும் பூச்சியத்தில் எத்தனை சதவீதம் என்ற அர்த்தமில்லாத கேள்வி எழுந்து சால்வர் நின்றுவிடும். அதற்கும் தனியே ஓர் எச்சரிக்கை உண்டு.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று வரும். இதையெல்லாம் பயனர் ஏன் யோசிக்க வேண்டும், சால்வரே முறையை மாற்றிக்கொள்ளாதா? மாற்றிக்கொள்ளும். லிண்டா பெட்சோல்டு 1983இல் வெளியிட்ட தானியங்கித் தேர்வு முறை, விறைப்பு வந்தால் உட்படு முறைக்கும் விறைப்பு விலகினால் மற்றதற்கும் தானே தாவும் நிரலாகப் பைத்தானின் பழைய சால்வருக்குள் இருக்கிறது. எல்சோடா என்பது அதன் பெயர். அது பெரிய சாதனை, பலருடைய வேலையைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதே காரணத்தால்தான் எல்சோடாவின் எச்சரிக்கைக்கு எடை அதிகம். இரண்டு முறைகளையும் கையில் வைத்திருந்தும் அது திணறுகிறது என்றால், விறைப்பு மட்டும் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அங்கே சமன்பாட்டையே திறந்து பார்க்க வேண்டும். மேட்லேப்பில் வழக்கமாக முதலில் எடுக்கும் ஓடிஇ 45, பைத்தானின் புதிய சால்வரில் இயல்பாக அமைந்த ஆர்கே 45 ஆகிய இரண்டுமே 1980இல் டார்மண்ட், பிரின்ஸ் இருவரும் தந்த வெளிப்படு முறையைச் சேர்ந்தவை. அவை விறைப்பைத் தாமாகக் கண்டு மாறாது. அவற்றில் எச்சரிக்கை வந்தாலோ, கணக்கு முடிவில்லாமல் ஓடினாலோ, விறைப்புச் சமன்பாடுகளுக்கான முறையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது முதல் சோதனை. நொடியில் முடிந்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது.

வரம்பை உயர்த்துவது எப்போதுமே தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த 500 என்பது மொத்தக் கணக்குக்கும் அல்ல, நாம் விடை கேட்கும் இரண்டு நேரங்களுக்கு இடைப்பட்ட படிகளுக்கு மட்டும். ஆயிரம் முறை ஊசலாடும் ஒன்றைத் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் காட்டு என்று கேட்டால், ஒழுங்கான சால்வரும் 500 படிகளைத் தாண்டத்தான் செய்யும். அங்கே வரம்பை உயர்த்தலாம், அல்லது இடையில் சில நேரங்களுக்கும் விடை கேட்கலாம். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி, படிகள் எங்கே குவிகின்றன என்று பார்ப்பது. விடை வளைந்து நெளியும் இடத்தில் படிகள் நெருங்கியிருந்தால் அது உழைப்பு. விடை சமதளமாகக் கிடக்கும்போதும் படிகள் நெருங்கியே இருந்தால் அது விறைப்பு. ஒரே ஒரு புள்ளியை நோக்கிப் படிகள் சுருங்கிச் சுருங்கிப் போனால் அங்கே வேறொன்று இருக்கிறது.

அந்த வேறொன்றுக்கு உதாரணம் எல்லா வீட்டிலும் உண்டு. தண்ணீர்த் தொட்டியின் அடியில் உள்ள குழாயைத் திறந்துவிட்டால், நீர்மட்டம் குறையும் வேகம் மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது டோரிசெல்லி விதி. 100 சென்டிமீட்டர் நீர், 20 நிமிடத்தில் காலியாகிறது என்று கொள்வோம். பத்தாவது நிமிடத்தில் பாதி இருக்கும் என்று மனம் சொல்லும், கணக்கு 25 சென்டிமீட்டர் என்று சொல்லும். பத்தொன்பதாவது நிமிடத்தில் மிஞ்சியிருப்பது கால் சென்டிமீட்டர், அது குறையும் வேகம் நிமிடத்துக்கு அரை சென்டிமீட்டர். இப்போது ஒரு நிமிட நீளத்துக்கு ஆய்லர் படி எடுத்தால் மட்டம் பூச்சியத்துக்குக் கீழே கால் சென்டிமீட்டர் என்றாகிவிடும். எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்கச் சொன்னால் கணிப்பொறி எண் அல்லாத ஒன்றைத் திருப்பித் தரும், அதன்பின் வரும் எல்லாம் குப்பை. படியைச் சுருக்கும் சால்வரும் 20ஆவது நிமிடத்தை ஒட்டி இதே சிக்கலில் மாட்டலாம். இந்த எச்சரிக்கைக்கு வரம்பை உயர்த்தினாலும் பயனில்லை, பிழை எல்லையை இறுக்கினாலும் பயனில்லை. தொட்டி காலியாகிவிட்டது, அந்தச் சமன்பாட்டின் ஆட்சி அங்கே முடிந்தது என்பதுதான் செய்தி. மட்டம் பூச்சியத்தைத் தொட்டதும் நிறுத்து என்று சொல்லும் வசதி நல்ல சால்வர்கள் எல்லாவற்றிலும் உண்டு.

சில சமன்பாடுகளில் விடையே ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எல்லை கடந்து பறந்துவிடும். ஒரு பொருள் தன் அளவின் வர்க்கத்துக்குச் சமமான வேகத்தில் வளர்கிறது, 1இல் தொடங்குகிறது என்றால், நேரம் 1ஐ நெருங்கும்போது விடை முடிவிலியை நோக்கிப் போகும். சால்வர் படியைச் சுருக்கிக்கொண்டே போய், கடைசியில் நேரத்தோடு படியைக் கூட்டினாலும் நேரம் மாறாத நிலைக்கு வந்துவிடும். ஏனென்றால் கணிப்பொறி ஓர் எண்ணைச் சுமார் 16 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், அதற்கும் கீழே போகும் படி பதிவாகாது. இத்தகைய எச்சரிக்கை வந்தால் அது வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிழை எல்லையை மாற்றி, முறையையும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். எச்சரிக்கை அதே நேரத்தில் பிடிவாதமாக நின்றால் சுவர் சமன்பாட்டில் இருக்கிறது. அது இயற்கையான சுவரா அல்லது கழித்தல் குறி போட வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டதால் எழுந்ததா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். தணிய வேண்டிய ஒன்றைத் தூண்டிவிடும் குறிப்பிழையும், வினாடியில் கொடுக்க வேண்டியதை மணியில் கொடுத்த அலகுப் பிழையும் இப்படித்தான் அகப்படும். எச்சரிக்கையை அடைத்தவருக்கு இவை அகப்படவே வாய்ப்பில்லை.

வரைபடம் பார்க்க ஒழுங்காக இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பவர்களுக்கு எச்சரிக்கையே வராத பிழையைக் காட்டுவதுதான் பதில். நோயாளிக்கு 50ஆவது மணியில் 6 நிமிடம் மருந்து ஏற்றுகிறார்கள், அதுவரை உடலில் மருந்தே இல்லை என்று ஒரு கணக்கு. முதல் பல மணி நேரம் எல்லாமே பூச்சியம் என்பதால் சால்வர் தைரியம் கொண்டு படியை நீட்டிக்கொண்டே போகும். ஒரே எட்டில் பல மணி நேரத்தைக் கடக்கும்போது அது சோதித்துப் பார்க்கும் புள்ளிகளில் ஒன்றுகூட அந்த 6 நிமிடத்துக்குள் விழாமல் போகலாம். அப்படிப் போனால், நோயாளிக்கு மருந்தே ஏற்றவில்லை என்பது போன்ற வரைபடம் வரும். கோடு நேராக, அழகாக, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வரும். இதற்கும் மருந்து உண்டு: 50ஆவது மணியில் கணக்கை நிறுத்திப் புதிதாகத் தொடங்குவது. ஊரடங்கு தொடங்கிய நாள், மோட்டார் போட்ட நொடி, வால்வு திறந்த கணம் என்று விதி சட்டென்று மாறும் ஒவ்வோர் இடத்திலும் இப்படிப் பிரித்து ஓட்டுவது நல்லது. கணக்கு அமைதியாக முடிந்தது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது என்பதற்குக் கான்கிரீட்டில் எழுதிய சான்றும் இருக்கிறது. நார்வேயில் 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் அடித்தளம் சோதனையின்போது கடலில் மூழ்கியது. சுவர்களில் விழும் வெட்டு விசையைக் கணிப்பொறிக் கணக்கு 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தது. இழப்பு சுமார் 70 கோடி டாலர். அது படிப்படியாக நேரத்தில் நகரும் கணக்கு அல்ல, மேடையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துச் செய்தது. என்றாலும் அடியில் இருப்பவை வகைக்கெழுச் சமன்பாடுகளே, பிரித்த விதம் போதாமல் போனதே காரணம். பின்னர் கவனமாகச் செய்த மறுகணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது, உடைந்தது 65 மீட்டரில்.

அப்படியானால் பிழை எல்லையை முடிந்த மட்டும் இறுக்கி வைத்துவிட்டால் போயிற்று என்பார்கள் சிலர். ஒருமுறை பத்து மடங்கு இறுக்கி ஓட்டி, இரண்டு விடைகளையும் ஒப்பிடுவது நல்ல பழக்கம், அதைச் செய்யாமல் எந்த விடையையும் வெளியிட வேண்டாம். ஆனால் இறுக்குவதற்கும் தரை உண்டு. 16 இலக்கம் மட்டுமே தாங்கும் கணிப்பொறியிடம் 17 இலக்கத் துல்லியம் கேட்டால், கேட்பது மிகை என்று அதுவே சொல்லிவிடும். வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1961இல் 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று தட்டெழுதி, சில மாதக் கணக்கில் வானிலை முற்றிலும் வேறாகிப் போனதைக் கண்டார். அத்தகைய சமன்பாடுகளில் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் இரு ஓட்டங்கள் ஒத்துப்போகா. அங்கே ஒப்பிட வேண்டியவை தனித்தனி எண்கள் அல்ல, சராசரியும் வீச்சும்.

இவ்வளவு நேரம் சொன்னதை ஒருவர் கணிப்பொறி வருவதற்கு முன்பே தன் வாழ்நாள் உழைப்பால் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், காற்றின் சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்த்து வானிலையை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று நம்பினார். முதல் உலகப்போரில் ஃபிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் வைக்கோல் குவியலை மேசையாக்கி, 1910 மே 20ஆம் நாளின் வானிலைப் பதிவுகளிலிருந்து கையால் கணக்குப் போட்டார். கையெழுத்துப் பிரதி 1917இல் போர்க்களத்தில் தொலைந்துபோய், மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கடியில் கிடைத்தது. விடை, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்றது. எவ்வளவு அபத்தமான எண் என்று பார்க்க, உலகில் பதிவான மிகத் தீவிரமான சூறாவளியான 1979ஆம் ஆண்டின் டிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதன் மையத்தில் அழுத்தம் 870, இயல்பான அழுத்தம் 1,013. இரண்டுக்கும் வித்தியாசமே 143தான். ரிச்சர்ட்சனிடம் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும் இயந்திரம் இல்லை, 145 என்ற எண்தான் அவருக்கு எச்சரிக்கை. அவர் அதை மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட நூலில் கணக்கு முழுவதையும் தவறான விடையோடு அச்சிட்டு, தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றின் அளவுகளில்தான் பிழை என்று சுட்டிக்காட்டினார்.

அவர் சுட்டிய திசை சரியானது. வளிமண்டலத்தில் மெதுவாக நகரும் வானிலையோடு வேகமாக ஓடும் ஈர்ப்பலைகளும் உண்டு. தொடக்க அளவுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாதபோது இந்த வேக அலைகள் பூதாகாரமாக எழுந்து கணக்கை விழுங்கிவிடுகின்றன. தேநீரில் துள்ளிய கம்பியின் பெரிய அண்ணன் இது. 1950இல் சார்னி, ஃபியார்டாஃப்ட், ஃபான் நாய்மன் மூவரும் எனியாக் கணிப்பொறியில் முதல் வானிலைக் கணிப்பைச் செய்தபோது, இந்த வேக அலைகளே இல்லாத சமன்பாட்டைத் தேர்ந்துகொண்டுதான் தொடங்கினார்கள். பிற்காலத்தில் பீட்டர் லின்ச் என்ற ஐரிஷ் வானிலையாளர் ரிச்சர்ட்சனின் தாள்களை மறுபடி எடுத்து, அவருடைய கணக்கைக் கணிப்பொறியில் அப்படியே ஓட்டிப் பார்த்தார். அதே 145 வந்தது. பிறகு சமன்பாடுகளில் கை வைக்காமல், தொடக்க அளவுகளில் இருந்த வேக அலைகளின் இரைச்சலை மட்டும் வடிகட்டிவிட்டு ஓட்டினார். ஆறு மணி நேரத்தில் அழுத்த மாற்றம் 1 ஹெக்டோபாஸ்கலுக்கும் குறைவாக வந்தது. 1910 மே 20 அன்று அந்த இடத்தில் காற்றழுத்தமானி ஏறக்குறைய அசையாமல்தான் நின்றிருந்தது.